பொன்னாடைக்குள் ஒரு கை

பினாங்கில் டத்தோ பட்டம் வாங்கியவர்கள் வருவதில்லை, வந்துகொண்டே இருப்பார்கள். ‘பாலத்துல ஏறிட்டாரு’, ‘ஜாம்ல மாட்டிக்கிட்டாரு’, ‘பார்க்கிங் தேடுறாங்க’ என்று செய்தி முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். டத்தோ சோமசுந்தரம் பட்டர்வொர்த் பக்கமிருந்து பாலத்தில் ஏறியபோது ஜார்ஜ்டவுன் மண்டபத்தில் குமுதாவின் இசை நாடகத்துக்குத் திரை விலகியது. அவர் இந்தக் கரையில் இறங்குவதற்குள் மேடையில் ‘வாக்குப்பெட்டி வரதன்’ மூன்று தேர்தலில் ஜெயித்து, நான்கு கட்சி மாறி, ஒரு குன்றையும் அதன் அடிவாரத்து ஓடையையும் விற்றுத் தீர்த்திருந்தான்.

ஒவ்வொரு முறை கை நீட்டிக் காசு வாங்கும்போதும் வரதன் கூட்டத்தைப் பார்த்து, “இது நாடகம் இல்லைங்க, நிஜம்!” என்பான். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அந்த வரியை எழுதியவள் குமுதா. அன்று மத்தியானம் அவளுக்கு அது ரொம்பப் பெருமையாக இருந்தது.

குமுதா லிட்டில் இந்தியாவில் மசாலைக் கடை வைத்திருப்பவள். கோயில் திருவிழா மேடைகளில், பக்திப் பாட்டுக்கும் பரிசளிப்புக்கும் நடுவே யாராவது அரைமணி நேரம் பிச்சை போட்டால் அதில் நாடகம் போட்டு வந்தவள். முழுநீள நாடகம், சொந்தப் பாட்டு, சொந்த மெட்டு, கதவு சாத்துகிற மண்டபம் என்று அமைந்தது இதுதான் முதல் தடவை. நாடகம் முழுக்கச் சிரிப்பு. கடைசிப் பாட்டில் மட்டும் சிரிப்பு இல்லை. அந்தப் பாட்டுக்காகத்தான் மீதி எல்லாமே.

விஷயம் இதுதான். அக்கரையில் ஒரு தமிழ்ப்பள்ளி. அதன் திடலை ‘மேம்பாட்டுக்கு’ விட்டுக்கொடுக்கலாமா என்று அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்தில் கை தூக்கச் சொல்லப் போகிறார்கள். மேம்பாடு என்றால் பக்கத்தில் எழும்பும் அடுக்குமாடிக்குக் கார் நிறுத்துகிற இடம். அடுக்குமாடி யாருடையது என்று கேட்டால் ஒரு மைத்துனரின் பெயர் வரும். யாருக்கு மைத்துனர் என்று கேட்டால் டத்தோ சோமசுந்தரத்தின் பெயர் வரும். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

அந்தப் பள்ளியின் பெற்றோரைத்தான் அக்கரை மாக் மண்டின் பக்கமிருந்து இரண்டு தொழிற்சாலை பஸ்களை வாடகைக்குப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள் குமுதா. டத்தோவையும் அவளேதான் தலைமை விருந்தினராக அழைத்திருந்தாள். மண்டபத்துக்கு அவர் புரவலர் என்பது ஒரு காரணம். வாங்குகிறவனையும் விற்கிறவனையும் ஒரே கூரைக்குள் நிறுத்தாமல் சரக்கின் குறையைப் பேசாதே என்று காலமான அவள் அப்பா சொல்லிவந்தது இன்னொரு காரணம். முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருக்க, பின்வரிசைகளில் பெற்றோர் உட்கார்ந்திருக்க, அந்தப் பாட்டு ஒரு தடவை முழுசாக ஒலித்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அவ்வளவுதான் கிடைக்காது போலிருந்தது. நேர்மையான நிருபராக நடிக்க இருந்த ஹரீஷ், வியாழக்கிழமை டத்தோவின் கட்சி இளைஞர் பிரிவில் தகவல் தலைவராகிவிட்டான். ‘சாரி அக்கா, பிஸி’ என்று ஒரு வரி அனுப்பினான். கீபோர்டு வாசிப்பவனின் அண்ணனுக்கு இரவுச் சந்தையில் நல்ல மூலையாக ஒரு கடையிடம் கிடைத்தது. உடனே தம்பிக்கு விரல் வலி கண்டது. ஊழலைப் பற்றி நாடகம் போட்டால் ஒத்திகை பார்க்க எதிராளியும் வருவான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நிருபர் பாத்திரத்தை வெட்டினாள். கீபோர்டுக்குப் பதில் பதிவு செய்த இசையை வைத்தாள். மிஞ்சியது வரதனாக நடிக்கும் யுகேந்திரனும், கடைசிப் பாட்டைப் பாட வேண்டிய பிரமிளாவும்.

யுகேந்திரன் பாயான் லெப்பாசில் சிப் தொழிற்சாலைத் தொழிலாளி. அவனை வாங்க யாரும் விலை சொல்லவில்லை என்பதே அவனுக்குக் குறை. பிரமிளா அதே பள்ளியில் தற்காலிக ஆசிரியை. அவளுக்குத்தான் இழக்க வேலை இருந்தது.

பக்கவாட்டுக் கதவு மெல்லத் திறந்தது. டத்தோவின் உதவியாளர் வேலு தலையை நீட்டினார். சட்டைப் பையில் இரண்டு கைப்பேசி, முகத்தில் மூன்றாவது கைப்பேசி போல ஒரு வெளிச்சம்.

“அக்கா, டத்தோ இறங்கிட்டாரு. அஞ்சு நிமிஷம்.”

“அதத்தான் அண்ணே முதல் பாட்டுலேருந்து சொல்றீங்க.”

“கோவப்படாதீங்க லா. நல்ல சேதி கொண்டாந்திருக்கேன். டத்தோவுக்கு நாடகம் ரொம்பப் பிடிச்சிருச்சு.”

“பார்க்கவே இல்லியே?”

“கேள்விப்பட்டாரு. ஈப்போ, கிள்ளான், கோலாலம்பூர், எல்லா ஊர்லயும் போடணும்ங்கறாரு. பெரிய மேடை, லைட்டு, லைவ் மியூசிக். செலவு அவரு பாத்துக்குவாரு. இங்க இந்த ஓட்டை மைக்கை வச்சிக்கிட்டு எத்தன நாளைக்கு அக்கா?”

மேடையில் மைக், தன் பெயர் அடிபட்டதுபோல, ஒரு முறை கீச்சிட்டது.

“ஒண்ணே ஒண்ணுதான். கடைசிப் பாட்டு. அது கொஞ்சம் சோகமா இருக்குதாம். சிரிச்சிக்கிட்டே வீட்டுக்குப் போறவங்கள எதுக்கு அழ வைக்கணும்?”

“பாட்டு இருக்கும் அண்ணே.”

“அவசரப்படாதீங்க. எத்தன மேடைன்னு டத்தோ நேர்ல சொல்லுவாரு. வாயால இல்ல.” வேலு தன் வலது கையைத் தூக்கி விரல்களை அசைத்துக் காட்டிச் சிரித்தார். “அவங்க அப்பாவும் வியாபாரிதான், உங்க அப்பாவும் வியாபாரிதான். உங்களுக்குப் புரியும்.”

புரிந்தது. குமுதாவின் அப்பா கிராம்பு, ஜாதிக்காய், பாக்குக்குத் தரகர். அந்தக் காலத்துச் சரக்குக் கிட்டங்கிகளில் பத்துப் பேர் சுற்றி நிற்க விலையை வாயால் சொல்வது மடத்தனம். அதனால் வாங்குகிறவரும் விற்கிறவரும் கை கோர்ப்பார்கள். கைகளின் மேல் தோள் துண்டு விழும். பேச்சு துண்டுக்குள் நடக்கும். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை. வேண்டாமென்றால் கையை உருவிக்கொள்ள வேண்டும். பதிலுக்கு நீயும் விரலைப் பிடித்துவிட்டால் பேரத்துக்கு இறங்கிவிட்டாய் என்று பொருள். உள்ளங்கையை அமுக்கினால் முடிந்தது; அதன்பிறகு கிட்டங்கியே தீப்பிடித்தாலும் வாக்கு மாறாது. இன்னொன்றும் உண்டு. துண்டுக்குள் பேசியதை எவன் வெளியே சொல்கிறானோ, அந்தப் பேரம் செத்தது. அவனோடு அதன்பிறகு யாரும் கை கோர்க்க மாட்டார்கள்.

இந்த வித்தையையே நாடகத்தில் ஒரு பாட்டாக்கியிருந்தாள் குமுதா. வரதன் ஒவ்வொரு பணக்காரனுக்கும் பொன்னாடை போர்த்தி, அதன் நுனிக்கடியில் விரல் பிடித்துக் குன்றையும் ஓடையையும் விற்பான். நாடகத்துக்கு முன்னால், முன்வரிசையில் இடம் பிடித்திருந்த கமாலுதீன் நானா அவளைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் மொத்தச் சரக்குக் கடை அவருடையது. அப்பாவின் சிநேகிதர். இந்தக் காலத்திலும் அவளோடு துண்டு போட்டுத்தான் விலை பேசுவார். பெண்பிள்ளையின் கையைத் தொடலாகாது என்று துண்டை அவள் கைமேல் இரண்டாகச் சுற்றிவிட்டு, அதற்குமேல் விரல் பிடிப்பார். காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. அந்தத் துண்டை நம்பித்தான் அவள் கடையில் மிளகும் ஏலமும் இருந்தன.

“ஏம்புள்ள, நம்ம தொழிலோட மறைப்பப் போயி பாட்டாக்கி வச்சிருக்கியாமே?”

“விரல மட்டும்தான் நானா காட்டுறோம். யாரு யாருக்கிட்ட என்ன விலை சொன்னாங்கன்னு சொல்லலியே.”

“அதச் சொல்லாத வரைக்கும் சரி,” என்று நானா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

வெளியே உறுமி மேளம் இடி இடித்தது. டத்தோ நிஜமாகவே வந்துவிட்டார்.

டத்தோ எப்போது வருகிறாரோ அப்போதுதான் இடைவேளை. இது எழுதப்படாத சட்டம். மேடையில் வரதன் கடைசிக் குற்றத்தைச் செய்து முடித்திருந்தான். வெள்ளைப் புடவையில் பிரமிளா பக்கத்திரைக்குப் பின்னால் மூச்சை இழுத்து நின்றாள். அடுத்தது பாட்டு. அந்த நேரம் பார்த்து நடுவழியில் மாலையும் மேளமுமாக ஊர்வலம் நுழைந்தது. நாடகம் நின்றது. மேடையில் தனியாக மாட்டிக்கொண்ட யுகேந்திரன் என்ன செய்வதென்று தெரியாமல், வரதனாகவே டத்தோவைப் பார்த்து உடம்பை இரண்டாக மடித்துக் கும்பிட்டான். டத்தோவும் அதே வளைவில் கும்பிட்டார். எது வேடம், எது ஆள் என்று பிரிக்க முடியாமல் மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அறிவிப்பாளர் டத்தோவை மேடையேற்றிவிட்டு, குமுதாவின் கையில் ஒரு பொன்னாடையைத் திணித்து மேடைக்குத் தள்ளினார். கரும்பச்சையில் தங்கச் சரிகை, நல்ல அகலம். அவள் போர்த்தினாள். டத்தோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி, வாசல்லேருந்தே கேட்டேன். கலக்கிட்டீங்க லா!”

“நன்றிங்க டத்தோ.”

“இங்க பாருங்க, இங்க பாருங்க,” என்று படம் எடுப்பவர்கள் கத்தினார்கள். படம் எடுத்து முடியும்வரை கையை விடக்கூடாது. அதுவும் எழுதப்படாத சட்டம். டத்தோவின் தோளிலிருந்து பொன்னாடையின் நுனி வழுக்கி, கோர்த்திருந்த கைகளின் மேல் விழுந்தது. வழுக்கியதா, வழுக்கவிட்டதா என்பது அவருக்கும் அவர் அப்பாவுக்கும் தெரிந்த வித்தை.

துணிக்குள் அவர் அவளுடைய மூன்று விரல்களைப் பிடித்தார்.

மூன்று மேடை.

கையை உருவு என்று மனம் சொன்னது. சொன்னது நிஜம்; சத்தம் போட்டே சொன்னது. ஆனால் பத்து வயதிலிருந்து துண்டுக்குள் வளர்ந்த கை அது. மூன்று என்று யார் சொன்னாலும் அந்தக் கைக்கு ஒரே பதில்தான் தெரியும். அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதே, அவள் கை டத்தோவின் ஐந்து விரல்களையும் வளைத்துப் பிடித்தது.

டத்தோவின் சிரிப்பு ஒரு கணம் நின்று, பிறகு அகலமானது. உள்ளங்கை அவள் உள்ளங்கையை அழுத்தியது.

முடிந்தது.

அவர் முன்வரிசைக்கு இறங்கி, கமாலுதீன் நானாவுக்கு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். குமுதா பக்கத்திரைக்குள் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். கைமேல் பழி போடலாம். கைக்கு என்ன தெரியும்? ஆனால் மூன்றுக்கு ஐந்து கேட்பதற்குள்ளேயே ஈப்போ, கிள்ளான், கோலாலம்பூர் என்று திரைகள் விலகி, விளக்குகள் எரிந்து, அவள் பெயர் போட்ட பதாகை காற்றில் ஆடியதே. அது எந்தக் கையில் நடந்தது?

“அக்கா, போகட்டா?” என்றாள் பிரமிளா. “மியூசிக் போடச் சொல்லுங்க.”

“கொஞ்சம் இரு.”

“என்ன கா, மூஞ்சி வெளுத்திருக்கு?” என்று யுகேந்திரன் ஒட்டுமீசையைப் பிய்த்தபடி வந்தான்.

“இன்னிக்குப் பாட்டு வேணாம். இப்படியே திரையப் போட்டுடலாம்.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள். வெளியே கூட்டம் பொறுமையில்லாமல் கைதட்டிக்கொண்டிருந்தது.

பிரமிளாதான் முதலில் பேசினாள். குரல் உயரவில்லை. “எவ்வளவுக்கு கா?”

“காசு இல்லடி.”

“பின்ன?”

“அஞ்சு மேடை.”

“அஞ்சா!” என்றான் யுகேந்திரன். வாயை மூட மறந்து, பிறகு வெட்கத்தோடு மூடிக்கொண்டான்.

“நல்ல விலைதான்,” என்றாள் பிரமிளா. “எங்க பிள்ளைங்க ரோட்டோரத்துல அசெம்பிளி நிக்கறதுக்கு அஞ்சு மேடை. வரதன் கூட ஒரு குன்றுக்கு ரெண்டுதான் வாங்கினான்.”

“நான் வேணும்னு செய்யல பிரமிளா. கை…”

“கை, கை! அவனும் மூணாவது சீன்ல அதையே சொல்லி அழுவான். நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?” அவள் கண்ணைத் துடைத்தாள், மை கன்னத்தில் இழுபட்டது. “எனக்கு நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியாது. தெரிஞ்சேதான் வந்து நிக்கிறேன். பாட வேணாம்னா, அந்த அம்மா அப்பாங்ககிட்ட நீங்களே போயி சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

குமுதா கணக்குப் போட்டாள். பாடு என்று இவளிடம் சொன்னால், உள்ளங்கை அமுக்கிய வாக்கை ஓசைப்படாமல் முறித்த திருடி ஆவாள்; அவள் வம்சத்தில் இல்லாத பழக்கம். பாடாதே என்று சொன்னால் அதைவிடப் பெரிய திருடி. எதிராளி திருடன்தானே, அவனிடம் வாக்கு என்ன வாக்கு என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. எல்லாத் திருடர்களுக்கும் அந்தக் குரல்தான் வக்கீல் என்பதும் அவளுக்குத் தெரியும். பேரத்தை நேராக முறிக்க ஒரு வழிதான் இருந்தது. வெளியே சொல்லிவிடுவது. சொன்னால் பேரம் சாகும். கூடவே வியாபாரியும்.

முன்வரிசையில் நானா உட்கார்ந்திருந்தார். திரையின் இடுக்கு வழியே அவருடைய வெள்ளைத் துண்டு தெரிந்தது.

அவள் ஓட்டை மைக்கை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயம் சொல்லணும். இப்ப இங்க, உங்க கண்ணு முன்னால, பொன்னாடைக்கு அடியில ஒரு பேரம் நடந்துச்சு. டத்தோ எனக்கு மூணு மேடை தர்றேன்னாரு. நான் அஞ்சு கேட்டேன். குடுத்துட்டாரு. பதிலுக்கு நான் கடைசிப் பாட்ட நிறுத்தணும். அது உங்க பள்ளித் திடலப் பத்தின பாட்டு. அடுத்த வாரம் உங்கள கைதூக்கச் சொல்லப் போறாங்களே, அந்தத் திடல்.”

ஒரு கணம் மண்டபமே டத்தோவைத் திரும்பிப் பார்த்தது.

பிறகு பின்வரிசையில் ஒருவர் ‘ஹா!’ என்றார். அதைத் தொடர்ந்து மண்டபமே வெடித்தது. தொழிற்சாலைச் சட்டை போட்ட அப்பாக்கள் தொடையைத் தட்டினார்கள். அம்மாக்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். விசில் பறந்தது. பொன்னாடைப் பேரத்தை இப்போதுதான் மேடையில் ஆறு தடவை பார்த்திருந்தார்கள். ஏழாவது தடவை டத்தோவையே இழுத்துவிட்டாளே, என்ன தைரியம், என்ன நகைச்சுவை!

“இல்லைங்க! கேளுங்க! இது நாடகம் இல்லைங்க, நிஜம்!”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. கூரை இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டல். “நிஜம்! நிஜம்!” என்று பையன்கள் கத்தினார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் டத்தோதான். எழுந்து நின்று, திரும்பி, கூட்டத்துக்குக் கையை விரித்துக் காட்டினார்.

“டயலாக் சூப்பர் லா! என்னையும் நடிக்க வச்சிட்டீங்களே தங்கச்சி!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் வலது கை பொன்னாடை நுனியில் தன்னைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதை இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருத்தி குமுதா. மற்றவர் கமாலுதீன் நானா. அந்தக் கூட்டத்தில் சிரிக்காத ஒரே முகம் அவருடையது. தரகர் மகள் விளையாட்டுக்குக்கூட இப்படி ஒரு வார்த்தையை வெளியே விடமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அவர் மட்டும் அவளை நம்பினார்.

“பாடு,” என்றாள் குமுதா, பக்கத்திரையைப் பார்த்து.

பிரமிளா இசைக்குக் காத்திருக்கவில்லை. வெறும் தொண்டையோடு வந்தாள்.

*பந்து உருண்டு போச்சுதய்யா, பள்ளித்திடல் காணலையே,*
*நின்றிருந்த மரங்களெல்லாம் வண்டியேறிப் போனதெங்கே?*

இரண்டாம் வரிக்குள் டத்தோ கைப்பேசியைக் காதில் வைத்து, அவசரம் என்று சைகை காட்டி எழுந்தார். வேலு கையைத் தட்டி, “வாசல்ல எல்லாருக்கும் நாசி கண்டார் சோத்துப் பொட்டலம் இருக்குங்க! டத்தோவோட படம் எடுக்கறவங்க சீக்கிரம் வாங்க!” என்றார். டத்தோ கிளம்பினால் வழியனுப்பக் கூட்டம் எழ வேண்டும். சட்டங்களிலெல்லாம் பெரிய சட்டம் அதுதான். நாற்காலிகள் கிறீச்சிட்டன. கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்தபடி, பிள்ளைகளை முன்னால் தள்ளியபடி, இன்னும் சிரித்து ஓயாமல், வரிசை வரிசையாக வெளியே போனார்கள். போகும்போது ஓர் அம்மா மேடையைப் பார்த்து, “ரொம்ப நல்லா இருந்துச்சு கா!” என்று கட்டைவிரல் காட்டினார்.

*கூட்டல் கணக்குக் கற்றுத்தந்தீர், கும்பிட்டோமே வாத்தியாரே,*
*கழித்த கணக்கு எந்தக் கையோ, காட்டிடுவீர் பெரியவரே.*

பிரமிளா நிறுத்தவில்லை. ஒரு சரணம் விடாமல், ஆளில்லாத நாற்காலிகளுக்குப் பாடினாள். பின்மூலையில் கைக்குழந்தையோடு ஒருத்தியும், அவளுக்குப் பக்கத்தில் தூங்கிப்போன ஒரு தாத்தாவும், முன்வரிசையில் நானாவும் இருந்தார்கள். பாட்டு முடிந்தபோது கைக்குழந்தைக்காரி எழுந்து நின்றாள். கைதட்ட முடியவில்லை, குழந்தை இருந்தது.

குமுதா மேடைப்படியில் இறங்கி வந்தாள்.

“நானா, அது நிஜம்.”

“தெரியும் புள்ள.”

“வேற வழி தெரியல எனக்கு.”

“அதுவும் தெரியும்.” நானா மெல்ல எழுந்தார். பிரமிளா நின்ற இடத்தைப் பார்த்துத் தலையசைத்தார். “பாட்டு நல்லா இருந்துச்சு. உங்கப்பா இருந்தா அழுதிருப்பாரு.”

“நாளைக்கு மிளகு விஷயமா கடைக்கு வரவா நானா?” அவள் தன்னை அறியாமல் கையை முன்னால் நீட்டியிருந்தாள், துண்டு சுற்றுவதற்கு வாகாக.

கமாலுதீன் நானா அந்தக் கையைப் பார்த்தார். தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“கடைக்கு வா புள்ள. எல்லாருக்கும் சொல்ற விலைய பலகையில எழுதிப் போட்டிருக்கேன். பாத்து வாங்கிக்க.”

வாசலில் மறுபடி உறுமி முழங்கியது. யாரோ ஒரு பையன் “இது நாடகம் இல்லைங்க!” என்று கத்த, கூட்டம் சேர்ந்து “நிஜம்!” என்றது. நானா அந்தச் சத்தத்தினூடே குடையை ஊன்றி நடந்து போனார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், குமுதா அதை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டாள்.